தலைவரைத் தரையில் விரித்த பதினான்கு மாதம்

பெரியவனே, சின்னவளே,

நம் வீட்டுத் தரை மட்டும் ஏன் வெறும் சிமெண்டாகக் கிடக்கிறது என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். பக்கத்து வீட்டில் பூப்போட்ட விரிப்பு, கீழ் லயத்து வரிசை வீட்டில் மெத்தென்று பச்சை விரிப்பு, நமக்கு மட்டும் மார்கழியில் கால் மரத்துப்போகிறது என்று சின்னவள் அழுகிறாள். அம்மாவிடம் கேட்டால், "ஒங்க அப்பாவைக் கேளுங்க, அது அவுக பண்ணுன கூத்து" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். வாயால் சொல்லத் தொடங்கினால் எனக்குக் கோபம் வந்து பாதியில் எழுந்து போய்விடுவேன். அதனால் எழுதிவைக்கிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் பெரியவன் திருத்திக்கொள்ளட்டும். சங்கதியை மட்டும் திருத்த வேண்டாம்.

இதில் ஓர் ஆள் வருவார். இன்றைக்கும் நல்ல வெள்ளைச் சட்டையோடு நம் ஜங்ஷனில் நடமாடுகிற ஆள்தான். கடைசிப் பக்கத்தில் அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சின்னவளே, நீ பிறந்தது ஆனி மாதத்து மழையில். அப்போது நம் லயத்திலிருந்து பீர்மேட்டு ரோட்டுக்கு இறங்குகிற பாதையில் ஜீப்பைத் தவிர ஒன்றும் வராது. ஜீப் வைத்திருந்தது யூனியன் தலைவர். உன் அம்மாவுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போதே, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார், நேரம் வந்தா சொல்லி விடு, ஜீப்பு வாசல்ல வந்து நிக்கும் என்று. நான் அதை நம்பி, வேறு யாரிடமும் சொல்லிவைக்கவில்லை. அதுதான் என் முதல் தப்பு.

வலி வந்த அன்று ஜங்ஷனில் அந்த ஆளுக்குப் பாராட்டுக் கூட்டம். ஏதோ கமிட்டிக்குக் கன்வீனர் ஆகியிருந்தார். காலையிலிருந்து ஜீப், நாற்காலியும் ஒலிபெருக்கியும் ஃப்ளெக்ஸும் சுமந்துகொண்டு மேலும் கீழும் ஓடியது. நான் மழையில் ஓடிப்போய் நின்றபோது மேடைப் படியில் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் மாலை இன்னும் விழவில்லை, ஆனால் விழுந்த மாதிரியே நின்றார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு என் தோளில் கையை வைத்தார்.

"ஸ்பீக்கர் எறங்கட்டும்லே. பொம்பளைக வலின்னா அரை நாளு இழுக்கும். எஸ்டேட்டுல பெறக்காத பிள்ளையா? பையப் போ."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்பது எனக்கு இன்றும் தெரியும். அதில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். இரண்டு பேர் அடக்கத்துக்கும் நான் போகவில்லை.

கம்பளியில் கம்பு கோத்து, லயத்து ஆட்கள் நாலு பேர் உன் அம்மாவைத் தூக்கினார்கள். மழை மூக்குக்கு முன்னால் ஒன்றும் தெரியாமல் அடித்தது. இரண்டாவது வளைவில் விளக்குக் கம்பத்தில் அந்த ஆளின் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. நம் வீட்டுக் கதவைப்போல இரண்டு கதவு அகலம். முழுக்க முகம். மேலே தமிழில் வாழ்த்து, கீழே மலையாளத்தில் அபிவாத்யங்கள். என் இடுப்பில் தேயிலைச் செடி வெட்டுகிற கவாத்துக் கத்தி இருந்தது. நாலு கயிற்றையும் அறுத்தேன். உன் அம்மாவுக்கு மேலே அதைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வெள்ளைப் பக்கம் மழைக்கு, முகம் கீழே. கொஞ்ச தூரம் போனதும் அந்த வலியிலும் அவள் சொன்னாள்:

"ஏங்க, அந்த மூஞ்சிய அங்கிட்டுத் திருப்பிப் பிடிங்க. பெத்து முடிக்கிற வரைக்கும் இதையா பாத்துக்கிட்டுக் கெடப்பேன்?"

தூக்கி வந்தவர்களுக்குச் சிரிப்பு வந்து கம்பு ஆடியது. நான் திருப்பிப் பிடித்தேன். பிறகு ரோட்டில் பால் வண்டிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டார். சாயங்காலம் நாலு மணிக்குத் தாலுக்கு ஆஸ்பத்திரியில் நீ பிறந்தாய். அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்து எட்டு நாள் அங்கேயே கிடந்தாள். நீயும் முதல் நாள் நீலம் பாய்ந்துதான் இருந்தாய். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் என்று நர்ஸ் சொல்லத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்த ஃப்ளெக்ஸ் நம்மோடு வீட்டுக்கு வந்தது. தூக்கிப் போட்டிருக்கலாம். விறகு மூடியிருக்கலாம், மலையில் எல்லாரும் செய்கிற மாதிரி. கோழிக்கூட்டுக்குக் கூரை, ஒழுகுகிற தகரத்துக்கு அடியில் ஒரு படுதா, கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்கு இடுப்பில் சுற்றிக்கொள்ள ஒரு துண்டு. ஓட்டு முடிந்தால் மறுநாள் காலையில் ஜங்ஷனில் ஒரு முகம் இருக்காது. எல்லாம் லயத்துக்குள் வந்திருக்கும். நான் அப்படி ஒன்றும் செய்யவில்லை. அடுப்பிலிருந்து வாசல்வரை தரையில் விரித்தேன். முகம் மேலே பார்க்க விரித்தேன்.

உங்கள் இரண்டு பேருக்கும் இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: அதில் எனக்கு இருந்த சந்தோஷம் வேறு எதிலும் இருந்ததில்லை. காட்டு வேலை முடிந்து வந்தால் காலிலுள்ள சேற்றை அந்த மீசையில்தான் துடைப்பேன். அம்மா சொட்டுகிற குடையை நெற்றியில் சாத்திவைப்பாள். பெரியவனே, நீ பள்ளிக்கூடம் போகுமுன் மூக்கில் ஒரு குதி குதித்துவிட்டுத்தான் போவாய். அப்போது உனக்கு ஆறு வயது, பாதி நினைவிருக்கும். கம்பளி தூக்கிய நாலு பேருக்கும் விஷயம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்து வந்து, "தலைவரைப் பாக்க வந்தோம்" என்பார்கள். மிதித்து நின்று கட்டன் டீ குடித்துவிட்டுப் போவார்கள். ஒருத்தர் தன் வீட்டம்மாவையும் கூட்டிவந்து, "நீயும் ஒரு மிதி மிதிச்சுக்க, ஊசி போட்ட மாதிரி வருஷம் பூரா ஒடம்புக்கு நல்லது" என்றார். வீட்டு ஜெபத்தில் மன்னிக்கிற வரி வரும்போது நான் மட்டும் வாயை மூடிக்கொள்வேன். முட்டி போட்டிருப்பதும் அவர் கன்னத்தின்மேல்தான்.

வேறு ஆட்கள் வந்தால் மேலே கோரைப்பாய் விரித்துவிடுவோம். காரணம் இருந்தது. கூட்டம் முடிந்த வாரமே அந்த ஆள் பெரட்டுக் களத்தில் சொல்லியிருந்தார்: என் ஃப்ளெக்ஸைக் கிழிச்சவன் எந்த லயத்துல இருந்தாலும் ஒரு வாரத்துல வீட்டைக் காலி பண்ண வைப்பேன் என்று. லயத்து வீடு நமக்குச் சொந்தமில்லை. அவர் பேச்சுக்கு ஆபீசில் மதிப்பு இருந்தது. வீடு போனால் உங்களை எங்கே கொண்டு வைப்பேன்?

எட்டாம் மாதம் நீ தவழத் தொடங்கினாய். அந்த வீட்டில் தவழ வேறு இடம் ஏது? வயிற்றைத் தேய்த்துக்கொண்டு கன்னத்திலிருந்து நெற்றிக்குப் போவாய். உதட்டில் அச்சடித்த சிவப்பு உனக்குப் பிடித்துப்போனது. குனிந்து நக்குவாய். கயிறு கோக்கிற வளையம் இருந்த மூலையை வாய்க்குள் இழுத்து ஈறால் கடிப்பாய். முதல் பல் வந்ததும் அந்த மூலையில் பல் தடம் விழுந்தது. அம்மா இரண்டு முறை உன்னைத் தூக்கி வாயைத் துடைத்துவிட்டாள். நான் துடைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "கடிம்மா, நல்லாக் கடி" என்று சொல்லிக் கொடுத்தேன்.

இதை எழுதிவிட்டு ஒரு நாள் பேனாவை மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் மேலே எழுதுகிறேன்.

உனக்குப் பதினொன்றாம் மாதம் நடக்கும்போது கீழே ஒரு காலேஜிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்தார்கள். தலைமை ஒரு மலையாளி அம்மா. எல்லாரும் டீச்சர் என்று கூப்பிட்டோம். அவர் தமிழ் லயத்துக்குப் புரியவில்லை, லயத்துத் தமிழ் அவருக்குப் புரியவில்லை. எனக்கு மலையாளம் வாசிக்க வரும் என்பதால் கூட நடக்கச் சொன்னார்கள்.

டீச்சர் எனக்கு முதலில் விளக்கிச் சொன்னார். தண்ணீர் பைப்பும் ஓஸும் ஒரே வகைப் பிளாஸ்டிக்காக இருக்கும். பைப் விறைத்து நிற்கும், ஓஸ் வளையும். வளைவதற்காக எண்ணெய் மாதிரி ஒன்றைச் சேர்க்கிறார்கள். அது பிளாஸ்டிக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இருப்பதில்லை. சூடு பட்டால், எண்ணெய் பட்டால், சும்மா நாள் போனாலே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். வாய் வழியாகவும் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் மனுஷனுக்குள் போகும். உள்ளே போனது மூத்திரத்தில் வெளியே வரும். ஓடையில் கலங்கல் வந்தால் மேலே யாரோ இறங்கியிருக்கிறார்கள் என்று நாம் சொல்கிறோமே, அப்படி மூத்திரத்தைப் பார்த்து, ஆளின் எடையையும் வைத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று மதிப்பிடுவதுதான் அவர் வேலை. கைப்பிள்ளை, பள்ளிக்கூடப் பிள்ளை, வயதுக்கு வந்தவர்கள், வேலை செய்கிறவர்கள், கிழடுகள் என்று வயது வாரியாக ஆள் வேண்டும்.

லயத்தில் ஒரு வாரம் அதே பேச்சுதான். ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவர் கண்ணாடிக் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாப்பது வருஷம் வேர்வையைக் குடுத்தோம். இது ஒண்ணுதான் எங்கிட்ட பாக்கி இருந்துச்சு, இதுக்கும் ஆள் வந்தாச்சா?" என்றார். பெண்கள் அதிலேயே சீனியும் இருக்கிறதா பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். கைப்பிள்ளைகளுக்குப் பஞ்சு வைத்துக் காத்திருக்க வேண்டும். நீ மட்டும் டீச்சரை அரை நாள் காக்கவைத்து, பஞ்சை எடுத்த பிறகு அவர் மடியில் போனாய். மறுநாள்தான் உன் குப்பி நிறைந்தது.

குப்பியோடு ஒரு கேள்வித்தாளும் உண்டு. அங்கேதான் என் புத்தி கோணலாக வேலை செய்தது. வேலைக்குப் போகிற பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற எஸ்டேட் கிரீச்சுக்குக் கஞ்சி எங்கிருந்து வந்தது தெரியுமா? தலைவரின் மச்சான் நடத்திய மெஸ்ஸிலிருந்து. கொதிக்கக் கொதிக்கப் பிளாஸ்டிக் கவரில் ஊற்றி, ரப்பர் போட்டுக் கட்டி, வாளியில் அடுக்கிக் கொண்டுவருவார்கள். சூடு பட்டால் வெளியே வரும் என்று டீச்சர் சொன்ன நிமிஷமே எனக்குள் ஒரு மணி அடித்தது. மாட்டினார் என்று நினைத்தேன். காலேஜ்காரர்கள் கையெழுத்தோடு, பிள்ளைகளுக்கு விஷம் கொடுத்த ஆள் என்று ஒரு காகிதம். அதைப் பெரட்டுக் களத்தில் நான் வாசிப்பேன்.

வீடு வீடாகக் கேட்டு எழுதினேன். கவர்க் கஞ்சி வாரத்துக்கு எத்தனை நாள் என்று கேட்பேன். நாலு நாள் என்பார்கள். ஆறு என்று எழுதுவேன். சூடாகவா என்றால், ஆறிப்போய்த்தான் வரும் என்பார்கள். கொதிக்க என்று எழுதுவேன். டீச்சர் என்னை நம்பிப் பக்கத்தைத் திருப்புவார்.

நம் வீட்டுத் தாளை நானே நிரப்பினேன். தரையில் என்ன என்று ஒரு கட்டம். மண், சிமெண்ட், டைல்ஸ், விரிப்பு, வேறு. பாயின்மேல் உட்கார்ந்துகொண்டு சிமெண்ட் என்று எழுதினேன். ஃப்ளெக்ஸ் என்றால் யார் ஃப்ளெக்ஸ் என்று கேள்வி வரும், வீடு போகும் என்று பயம். தெரியாமல் செய்தேன் என்று தப்பிக்க மாட்டேன், பிள்ளைகளே. வளைகிற பிளாஸ்டிக் எல்லாம் அப்படித்தான் என்று காதால் கேட்டவன் நான். ஃப்ளெக்ஸும் அதில் சேர்த்தியா என்று டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் தெரிந்துவிடும் என்றுதான் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து டீச்சர் வந்து கிரீச் சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டினார். வயதுக்கு ஒரு வரிசை. ஆளுக்கு ஒரு புள்ளி, மேலே போகப் போக உள்ளே போனது அதிகம் என்று அர்த்தம். பெயர் கிடையாது, நம்பர்தான், அவரவர் நம்பர் அவரவருக்குத் தெரியும். கிழடுகள், பெரியவர்கள் எல்லாம் கீழே கூட்டமாக. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொஞ்சம் மேலே. கைப்பிள்ளைகள் அதற்கும் மேலே. சின்ன உடம்பு, எடைக்குப் பார்த்தால் சாப்பிடுவதும் மூச்சு விடுவதும் அதிகம், தரையோடு கிடக்கும், கை எப்போதும் வாயில், அதனால் எங்கே பார்த்தாலும் இப்படித்தான் என்றார். அதுவரை நான் தலைவரின் பெயர் வரக் காத்திருந்தேன். கஞ்சியைப் பற்றி யாரோ கேட்டார்கள். அந்தக் கவர் வேறு வகை, கொதிக்க ஊற்றுவது நல்லதில்லைதான், ஆனால் தினமும் குடித்த பிள்ளைகளுக்கும் குடிக்காத பிள்ளைகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றார்.

அப்புறம்தான் பார்த்தேன். கைப்பிள்ளை வரிசையில், மற்ற எல்லாப் புள்ளிக்கும் மேலே, தாளின் விளிம்பை ஒட்டி ஒரே ஒரு புள்ளி. சின்னவளே, அந்த நம்பரை உன் குப்பியில் ஒட்டியவன் நான்.

மறுநாள் காலையில் டீச்சர் தனியாக நம் வீட்டுக்கு வந்தார். மற்றவர்கள் தங்கள் நம்பரைச் சொல்லிக்கொண்டதில் மிச்சம் யாரென்று தெரிந்து, அதற்குள் லயத்தில் பேச்சு கிளம்பியிருந்தது. அவ பாட்டில்ல பால் குடுத்திருப்பா, அவ பிளாஸ்டிக் டப்பாவுல எண்ணெய் வச்சிருப்பா என்று எல்லாம் உன் அம்மாவின் தலையில். டீச்சரும் அவளிடம்தான் கேட்டார். பிள்ளைக்கு என்ன பூசுகிறாய், எதில் கரைக்கிறாய், எதைக் கடிக்கக் கொடுக்கிறாய். ஒவ்வொரு கேள்வியையும் நான் தமிழில் திருப்பிச் சொன்னேன், உன் அம்மாவைப் பார்க்காமல். தாய்ப்பாலும் சட்டியில் குழைத்த சோறும் தவிர ஒன்றும் கொடுக்காதவள். ஒவ்வொரு பதிலுக்கும் அவள் தலை கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தது. நான் பாயின்மேல் நின்றேன். பாய்க்கு அடியில் அந்த ஆள்.

கடைசியில் அவள் எழுந்து நின்றாள்.

"டீச்சர், தரையைப் பத்தி இவுகதான எழுதுனது. இவுகளைக் கேளுங்க." என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நகருங்க. வீடு போனாப் போகட்டும். எம் பிள்ளைக்கு நான் என்னமோ ஊட்டுனேன்னு ஊரு பேசுது."

பாயைச் சுருட்டினாள்.

தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஆனால் உதடு இல்லை. நீ நக்கி நக்கிச் சிவப்பு போய், வாய் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. மூலையில் வளையம் இல்லை, பல் தடம் மட்டும். டீச்சர் குத்தவைத்து உட்கார்ந்து விரலால் தேய்த்து மோந்து பார்த்தார்.

"இதா, சேட்டா. இதுதன்னே."

திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இது துணி மாதிரி மடங்க வேண்டும் என்று அந்த எண்ணெயைத் தாராளமாகச் சேர்த்துச் செய்வது, அடுப்புச் சூடும் பட்டிருக்கிறது, பிள்ளை எச்சிலும் பட்டிருக்கிறது என்று சொன்னார். மேலே நின்ற அந்தப் புள்ளி நோய் இல்லை, உள்ளே போனதன் அடையாளம், எடுத்துவிட்டால் சில நாளில் இறங்கும் என்றும் சொன்னார். இத்தனை மாதம் போனதற்கு என்ன என்று உன் அம்மா கேட்டாள். அது எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி சொல்ல மாட்டேன் என்றார். பிறகு தாளையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார். நீங்கள் எழுதியதை நீங்களே வெட்டுங்கள் என்றார். சிமெண்டை வெட்டிவிட்டு ஃப்ளெக்ஸ் என்று எழுதினேன். எழுதிய கையோடு, கஞ்சிக் கணக்கை மாற்றி எழுதியதையும் சொல்லிவிட்டேன். டீச்சர் கேள்வித்தாள் கட்டை எடுத்து என் கையில் வைத்தார். எல்லா வீட்டிலும் மறுபடி கேட்க வேண்டும், நீங்கள்தான் போக வேண்டும் என்றார்.

போனேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, முன்னே எழுதியது உங்கள் பதில் இல்லை, என் கோபம் என்று சொல்லி மறுபடி கேட்டேன். ரிட்டயர் ஆன பெரியவர் சொன்னார், "இனி நீ வந்தா மூத்திரங்கூடக் கெடையாது, போ." அதற்கு மறுநாளே பெரட்டுக் களம்வரை கதை போய்விட்டது.

எடுத்து ஒரு வாரம் கழித்து உன் குப்பி மறுபடி போனது. புள்ளி இறங்கிக் கூட்டத்தோடு கூட்டமாக நின்றது. டீச்சர் அதோடு நம் வீட்டு நாலு பேர் புள்ளியையும், முன்னே எடுத்ததை, ஒரு தாளில் தனியாக வரைந்து கொடுத்தார். அது என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஒரே ஃப்ளெக்ஸ், ஒரே அறை. மிதித்துச் சிரித்த எனக்குத்தான் எல்லாரையும்விடக் கீழே. எனக்கு மேலே அம்மா. அம்மாவுக்கு மேலே பெரியவன். அந்த மூவருக்கும் எட்டாத இடத்தில் நீ.

அந்த ஆளை நான் தேடிப் போகவில்லை. அவரே டீக்கடை முன்னால் கூப்பிட்டார். வீடு போகிற நேரம் வந்தது என்று நினைத்து நின்றேன்.

"என்னைய மிதிச்சியாமே. எத்தனை நாளு?"

"பதினாலு மாசம்."

சிரித்தார். உண்மையாகவே சிரித்தார், மேடைச் சிரிப்பு இல்லை. "எனக்கு ஒரு நாளுகூட முதுகு வலிக்கலையேலே. ஏல, அன்னைக்கு ஊரு பூரா கட்டுனோம். எது எங்க போச்சுன்னு எவன் பாத்தான்? காலி பண்ண வைப்பேன்னதெல்லாம் மைக்குக்குச் சொல்றது."

"ஜீப்பு வாசல்ல வந்து நிக்கும்னு சொன்னீகளே."

"எந்த ஜீப்பு?"

நடிக்கவில்லை. நான் அந்த முகத்தைப் பதினான்கு மாதம் பார்த்தவன், எனக்குத் தெரியும். அவருக்கு நினைவே இல்லை. மேடைப் படியும் இல்லை, என் தோளில் வைத்த கையும் இல்லை. நம் வீட்டில் நாம் அவரைத் தினமும் தண்டித்துக்கொண்டு இருந்தோம், அவர் கீழே டீ குடித்துக்கொண்டு இருந்தார். அவரை அடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது. டீக்கு அவரே காசு கொடுத்துவிட்டுப் போனார். நான் அந்த டீயைக் குடிக்கவில்லை. அதுவும் அவருக்குத் தெரிந்திருக்காது.

வீட்டிலிருந்த ஃப்ளெக்ஸை எரிக்க வேண்டாம், புகை அதைவிட மோசம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். மாதத்துக்கு ஒருமுறை பஞ்சாயத்திலிருந்து பிளாஸ்டிக் எடுக்க வருகிற பெண்களிடம், முகம் உள்ளே போகச் சுருட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து நம் தரை சிமெண்ட்தான். குளிர்ந்தால் கோரைப்பாய் இருக்கிறது, சாக்கு இருக்கிறது. அந்தப் பூப்போட்ட விரிப்பும் வளைகிற பிளாஸ்டிக்தான், அது வேண்டும் என்று சின்னவள் இனிக் கேட்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

இன்னும் ஒன்று. இது உங்கள் அம்மாவுக்கும் தெரியாது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் சாயங்காலம் அரிசி வாங்கிக்கொண்டு தனியாக ஏறி வந்தேன். அதே இரண்டாவது வளைவு, அதே கம்பம். புது ஃப்ளெக்ஸ். தலைக்குச் சாயம் போட்டு, முன்னைவிட இளமையாகச் சிரித்துக்கொண்டிருந்தார். காற்றில் மூன்று கயிறு அறுந்து, ஒரு மூலையில் தொங்கி, பாதையில் பட்படென்று அடித்துக்கொண்டிருந்தது. ரோட்டில் யாரும் இல்லை. இடுப்பில் கத்தி இருந்தது. கை தானாக அங்கே போனது.

அறுத்தால் என்ன ஆகும் என்று நின்று யோசித்தேன். இங்கே விட்டுவிட்டால் விடியுமுன் யாராவது விறகு மூட எடுத்துப் போவார்கள். விறகு தீர்ந்தால் அது தரைக்கு வரும். ஏதாவது ஒரு வீட்டில் ஒன்று தவழ்ந்துகொண்டிருக்கும். நானே கொண்டுபோய், பஞ்சாயத்துப் பெண்கள் வருகிறவரை ஒரு மாதம் வீட்டில் வைத்திருக்கலாம். ஆனால் என் காலை எனக்குத் தெரியும், விரித்து மிதிக்காமல் அதற்கு இருப்புக் கொள்ளாது.

அரிசிப் பையைத் தேயிலைச் செடியின்மேல் வைத்துவிட்டு, கம்பத்தை ஒட்டிய மதிலில் ஏறினேன். அறுந்த கயிறுகளை முடிச்சுப் போட்டு நீட்டி, அந்த ஆளைப் பழையபடி நிமிர்த்திக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டினேன். கடைசிக் கயிறு தாடைக்குக் கீழே, கழுத்தின் குறுக்கே விழும்படி பார்த்து, கை எரிகிற அளவுக்கு இழுத்து, மூன்று முடிச்சுப் போட்டேன். இறங்கி ஓடையில் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.